இரண்டு மில்லிமீட்டர் ஈறு

மே 9, செவ்வாய்

குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் கிளினிக்கின் ஹீட்டர் மறுபடியும் நின்றுவிட்டது. யோலாந்தா அதை இரண்டு தட்டுத் தட்டி, ஒரு கெட்ட வார்த்தையும் சொன்ன பிறகுதான் எரிந்தது. இருபது வருஷமாக என்னிடம் நர்ஸாக இருக்கிறாள். ஹீட்டரும் நானும் அவள் சொன்னபடிதான் கேட்கிறோம்.

காலையில் ஐந்து பேர். நாலாவது பெயர் யாருடையது என்று அவள் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

"சொன்னா நீங்க தலைவலின்னு வீட்டுக்குப் போயிருப்பீங்க" என்றாள் அப்புறம். போயிருப்பேன்.

நெலிதா. தார்வினின் அம்மா. எட்டு வருஷத்துக்கு முன்பு வரை என் மாமியார்.

பைசாந்தூ ஒன்றும் பெரிய ஊர் இல்லை. இருந்தும் விவாகரத்துக்குப் பிறகு அவரை நான் பார்த்தது மூன்றே தடவை. மூன்றாவது தடவை சூப்பர் மார்க்கெட்டில், சோப்புத் தூள் அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நாற்பத்தேழு வயதுப் பெண், ஈறு நிபுணர், ஒளிந்துகொண்டேன்.

வந்தார், வணக்கம்கூடச் சொல்லாமல் நாற்காலியில் ஏறிப் படுத்தார், வாயைத் திறந்தார். மேல் வரிசையில் முன்பல் ஒன்று இல்லை; அந்த இடத்தில் எலும்புக்குள் இம்ப்ளாண்ட், அதாவது புதுப் பல்லைத் தாங்கும் உலோகத் திருகு, சில மாதம் முன்பே வைத்தாகியிருந்தது.

"எப்படிப் போச்சு, தோன்யா நெலிதா?"

"பாட்டில் மூடி, டாக்டர். பல்லால தொறந்தேன்."

"ஏன்?"

"தொறக்கறதுக்கு ஒண்ணும் கிடைக்கல. அல்சீதெஸ் வேற பாத்துக்கிட்டிருந்தாரு."

அல்சீதெஸ் வெளியே உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயது, தொப்பி மடியில். நவம்பர் பதினெட்டாம் தேதி இவருக்கும் நெலிதாவுக்கும் கல்யாணம்.

நெலிதா என்னை 'டாக்டர்' என்கிறார். நான் அவரை, ஊரில் எந்த மூத்த பெண்மணியையும் கூப்பிடுவதுபோல, 'தோன்யா' என்கிறேன். பதினோரு வருஷம் 'அத்தை' என்று கூப்பிட்ட வாய்.

மே 10, புதன்

அவரை நானே பார்ப்பதா என்று ஒன்றும் முடிவு செய்யவில்லை. நாள் முழுவதும் மழை.

மே 16, செவ்வாய்

இம்ப்ளாண்ட் வைத்த டாக்டர் பெர்த்தோனி போன் செய்தார். "எலும்பு இரும்பு மாதிரி பிடிச்சிருக்கு, மரியேல். ஈறுதான் சிகரெட் தாள். அது உன் பாடு."

அளந்து பார்த்தேன். அரை மில்லிமீட்டர். குறைந்தது இரண்டு வேண்டும். இப்படியே பல்லைப் பொருத்தினால், உள்ளே இருக்கும் உலோகம் சாம்பல் நிறமாக வெளியே தெரியும். நாள் போகப் போக ஈறு மேலே ஏறி, ஒரு பல் மட்டும் நீண்டு நிற்கும். வேறு யாராவது என்றால் உதட்டுக்குள் மறைந்துவிடும். நெலிதா சிரித்தால் ஈறு முழுக்க வெளியே வரும். அளவாகச் சிரிக்கத் தெரியாது அவருக்கு.

நெலிதாவிடம் விவரமெல்லாம் சொன்னேன். மேல் அண்ணத்திலிருந்து உள்தசையில் ஒரு துண்டு எடுத்து, முன்னால் ஈறுக்கு அடியில் பை மாதிரி வெட்டிச் செருகித் தைக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் மூன்று மாதத்தில் கனமாகும். அதற்குப் பிறகு தற்காலிகமாகப் பல் வடிவ உறை ஒன்று, கேப், வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஈறுக்கு வடிவம் கொடுக்க வேண்டும்.

பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்: "சால்ட்டோவில் நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார். நமக்குள்ள... நீங்க அவர்கிட்டப் போனா நல்லதுன்னு நினைக்கிறேன்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "சால்ட்டோக்காரன் கையில வாயக் குடுக்கறதுக்கு, ஓட்டையோடயே மாலை மாத்திக்கறேன்."

யோலாந்தா திரும்பி நின்று பஞ்சு எண்ண ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூன் 1, வியாழன்

இதை எழுதாமல் இருக்க முடியாது.

வேலை நன்றாகத்தான் போனது. அண்ணத்திலிருந்து எடுத்த துண்டு பதினைந்து மில்லிமீட்டர் நீளம், நல்ல கெட்டி. இந்த வயதுக்கு இவ்வளவு நல்ல தசை நான் எதிர்பார்க்கவில்லை. பைக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. நாலாவது தையல் போடும்போது, எங்கிருந்து வந்ததோ, என் வாய் பேசிவிட்டது.

"எங்கப்பா செத்தப்போகூட நீங்க வரல."

கை நிற்கவில்லை. முடிச்சுப் போட்டேன், நூலை வெட்டினேன். யோலாந்தா முகக்கவசத்துக்கு மேலே என்னைப் பார்த்தாள். நெலிதாவின் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையசைத்தார். யோலாந்தா துடைத்துவிட்டாள்.

என்ன காரியம் செய்தேன்! வாயைத் திறக்க முடியாத ஒருத்தரிடம் — இல்லை, வாயை மூட முடியாத ஒருத்தரிடம் — சண்டை போட்டிருக்கிறேன். டாக்டராம் டாக்டர். படிச்சு என்ன பிரயோஜனம்?

பிறகு குனிந்த தலை நிமிராமல் விதிமுறைகளைப் படித்தேன். ஐந்து நாள் பேசக் கூடாது. பல் தேய்ப்பது அந்தப் பக்கம் வேண்டாம். ஆறின, மெதுவான சாப்பாடு. உதட்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. எங்கள் ஊர் இலைத்தேநீர் மாத்தே குடிக்கவே கூடாது; கொதிக்கும் தண்ணீர், உலோகக் குழல், உறிஞ்சும் இழுப்பு, மூன்றுமே வைத்துத் தைத்த ஒட்டுக்கு எமன். இரண்டு வாரம்.

கடைசி விதிக்கு மட்டும் கண்ணை அகல விரித்தார். என் பேச்சைவிட அதுதான் அதிகம் வலித்திருக்கும்போல.

ஜூன் 2, வெள்ளி

போன் செய்யலாமா? பேச முடியாதவருக்குப் போன் செய்து என்ன?

ஜூன் 5, திங்கள்

அல்சீதெஸ் வந்தார். அக்குளில் மாத்தேக்கான தெர்மாஸ் பிளாஸ்க் இல்லாமல் இந்த ஊரில் நடமாடும் முதல் ஆண்பிள்ளை.

"நானும் மாத்தேய விட்டுட்டேன், டாக்டரம்மா. அவ முன்னாடி உக்காந்து உறிஞ்சினா பாவமில்லையா? மூணு நாளா மண்டை பொளக்குது."

"அவங்க எப்படி இருக்காங்க?"

"பேச முடியாததால எழுத ஆரம்பிச்சிருக்கா. கடைக்குப் போனா ஒரு சீட்டு, குளிக்கப் போனா ஒரு சீட்டு. பாதி திட்டு. மொத நாள் சந்தோஷமா இருந்துச்சு, சத்தமில்லாம. இப்ப சீட்டுல ஆச்சரியக்குறி அதிகமாயிட்டு வருது." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். "இது உங்களுக்கு. நான் படிக்கல. கொஞ்சம்தான் படிச்சேன்."

படகுக் கிளப்பின் பிங்கோ அட்டை. அதன் பின்பக்கத்தில் நெலிதா எழுதியிருந்தார். அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

"மரியேல், உங்கப்பா போனது எனக்கு நாப்பது நாள் கழிச்சுத்தான் தெரியும். பிங்கோவுல ஒருத்தி சொன்னா. நாப்பது நாள் கழிச்சு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? வந்திருக்கணும். தப்புதான். ஆனா நீ என் ராவியோலிப் பலகையத் திருப்பி அனுப்பினியே. டாக்ஸிக்காரன் கையில குடுத்து, கழுவி, துணி சுத்தி, ஒரு வார்த்தை எழுதாம. நான் அத எப்படி எடுத்துக்கறது? பையன் வேணாம்னா சரி. அவன் எனக்கே சில நாள் வேணாம்தான். நான் என்ன பண்ணேன்? — நெ. பி.கு. பசிக்குது. ஐஸ்கிரீம் தவிர வேற எதையாச்சும் சாப்பிடச் சொல்லு."

நாலு தடவை படித்தேன்.

ராவியோலி மாவு தேய்க்க அவர் எனக்குக் கொடுத்திருந்த அந்தப் பலகை அவருடைய அம்மாவுடையது. விவாகரத்துக்குப் பிறகு அதை நான் வைத்துக்கொள்வது நியாயமில்லை என்றுதான் அனுப்பினேன். கூட வைக்க ஒரு கடிதமும் எழுதினேன். அழுகையாக வந்தது, கிழித்துப் போட்டேன். பலகை வந்து சேர்ந்தது என்று ஒரு போன் வரும் என அன்று சாயங்காலம் முழுக்கக் காத்திருந்தேன். அவரோ ஏன் அனுப்பினேன் என்று நான் சொல்வேன் எனக் காத்திருந்திருக்கிறார். எட்டு வருஷம். ரெண்டு பேருக்கும் போன் இருக்கு, கை இருக்கு, வாய் இருக்கு!

மருந்துச் சீட்டில் பதில் எழுதி அல்சீதெஸிடம் கொடுத்தேன்: "மசித்த பூசணி, ஆறவைத்து. தயிர். வாழைப்பழம். பலகையை அனுப்பியது என் தப்பு. — ம."

அவர் அதையும் கொஞ்சம் படித்துக்கொண்டேதான் படியிறங்கினார்.

ஜூன் 8, வியாழன்

ஒரு வாரப் பரிசோதனை. உதட்டைத் தூக்கியதும் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தேன். ஓரத்தில் ஒரு தையல் பிய்ந்திருக்கிறது. அதை ஒட்டி மூன்று மில்லிமீட்டருக்கு ஈறு வெளுத்துக் கிடக்கிறது. ரத்தம் ஓடவில்லை. அது செத்துக் கழன்றால் ஒட்டும் வெளியே வந்துவிடும். மறுபடி வெட்ட வேண்டும். ஆறுவதற்குள் நவம்பர் போய்விடும்.

"மாத்தே குடிச்சீங்களா?"

"கன்னி மரியா மேல சத்தியமா இல்ல!" பேச அனுமதி கிடைத்ததிலிருந்து குரல் முன்னைவிடப் பலமாக இருக்கிறது.

"பொய் சொல்லாதீங்க. உறிஞ்சாம தையல் இப்படிப் பிய்யாது."

"பூசணியத் தின்னு தின்னு நானே பூசணியாயிட்டேன். நானா பொய் சொல்றேன்?"

கதவோரத்தில் அல்சீதெஸ் தொண்டையைச் செருமினார். "மாத்தே இல்ல, டாக்டரம்மா. அதுக்கு நான் சாட்சி. உதடு."

"நீங்க சும்மா இருங்க" என்றார் நெலிதா.

"உதட்டை என்ன பண்ணாங்க?"

"தூக்கித் தூக்கிக் காட்டினா. பாக்க வர்றவங்களுக்கெல்லாம். பக்கத்து வீடு, தையற்கடை, ரொட்டிக்கடை. சனிக்கிழமை கிளப்புல மட்டும் பதினோரு பேரு. பேசக் கூடாதுன்னு சொன்னீங்க, அதனால இவ உதட்டத் தூக்குவா, நான் எடுத்துச் சொல்லணும். 'மேல இருந்து எடுத்து இங்க வச்சிருக்கு, பாருங்க, எவ்வளவு நுணுக்கமான தையல், எங்க மருமக கைவேலை'ன்னு. அதச் சொல்லலைன்னா சீட்டு எழுதி முதுகுல குத்துவா."

யோலாந்தா போய், நன்றாக எரிந்துகொண்டிருந்த ஹீட்டரைத் தட்டினாள்.

நான் திட்டினேன். நன்றாகத் திட்டினேன், குரல் உடையாமல் இருப்பதற்காக. இனிமேல் உதட்டில் விரல் வைத்தால் விரலையும் சேர்த்துத் தைத்துவிடுவேன் என்றேன்.

"சரிங்க டாக்டர்" என்றார் நெலிதா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. உப்புநீரால் கழுவி, பிய்ந்த இடத்தில் ஒரு தையல் போட்டேன். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஜூன் 9, வெள்ளி

இன்று இரண்டு பேருக்கு ஈறு வெட்டினேன். இரண்டாவது ஆள் எழுந்து போகும்போது யோலாந்தாவிடம், "டாக்டர் ஏன் சிரிச்சுக்கிட்டே வெட்டறாங்க?" என்று கேட்டாராம்.

ஜூன் 15, வியாழன்

வெளுத்த தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அடியில் சிவப்பு! பளபளவென்று, ஈரமாக, உயிருள்ள சிவப்பு. மேல்தோல் மட்டும்தான் போயிருக்கிறது, ஒட்டு பிடித்துவிட்டது.

தையல்களை எடுத்தேன். மாத்தேக்கு இன்னும் ஒரு வாரம் என்றேன். அல்சீதெஸ் சுவரில் சாய்ந்துகொண்டார்.

ஜூலை 14, வெள்ளி

யோலாந்தா என்னைப் படகுக் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை பிங்கோவில் எண்களைக் கூப்பிடுவது நெலிதாதான், பதினைந்து வருஷமாக.

ஈறு ஆறும் வரைக்கும் கழற்றி மாட்டும் பல் ஒன்று கொடுத்திருக்கிறேன். ஒட்டின் மேல் படாமலிருக்க அதைக் கொஞ்சம் தளர்வாகத்தான் வைக்க முடிந்தது. எந்த எண்ணைக் கூப்பிட்டாலும் ஒரு சீட்டிச் சத்தம் கூடவே வருகிறது. கூட்டம் அதற்காகவே காத்திருக்கிறது. அறுபத்தாறு வந்தது. எங்கள் மொழியில் எத்தனை 'ஸ்' அந்த எண்ணில்! "ஸெஸென்தா இ ஸேய்ஸ்!" என்று முழங்கினார். பல் பறந்து போய் முதல் மேசையில், ஒருவருடைய சோடா கிளாஸுக்குள் விழுந்தது.

நெலிதா மேடையிலிருந்து இறங்கினார், கிளாஸைக் கையில் எடுத்தார், சோடாவைக் குடித்து முடித்தார், பல்லை எடுத்து மாட்டிக்கொண்டார். மேடையேறி மறுபடி சொன்னார்: "அறுபத்தாறு. யாருக்காவது காதுல விழலையா?"

நான் சிரித்துச் சிரித்து விலா வலிக்க உட்கார்ந்திருந்தேன். மேடையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டார். மைக்கிலேயே, "அங்க சிரிக்கறவங்கதான் இந்தப் பல்லச் செஞ்சவங்க. புகார் இருந்தா அங்க சொல்லுங்க" என்றார். ஏழெட்டுப் பேர் நிஜமாகவே எழுந்து வந்து தங்கள் வாயைத் திறந்து காட்டினார்கள்.

ஆகஸ்ட் 24, வியாழன்

இம்ப்ளாண்டைத் திறந்து தற்காலிகக் கேப்பை முடுக்கினேன். இதில் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. கேப்பின் கழுத்து ஈறைத் தள்ளும்போது ரத்தம் விலகி ஈறு சட்டென்று வெளுத்துவிடும். பத்து நிமிஷத்துக்குள் நிறம் திரும்பினால் தள்ளியது சரி. திரும்பாவிட்டால் கழற்றிச் செதுக்க வேண்டும்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

மூன்றாவது நிமிஷத்தில் அவர் சொன்னார், கேப்போடு, கொஞ்சம் குழறலாக: "ரெஜிஸ்டர் ஆபீஸ்ல எனக்குச் சாட்சி வேணும். கையெழுத்துப் போட. நீ வரணும்."

சீட்டில் இல்லாமல் வாயால் வந்த அந்த முதல் 'நீ' என் காதில் விழுந்ததை நான் காட்டிக்கொள்ளவில்லை.

"தார்வின்?"

"மொந்தேவீடியோவிலிருந்து வருவான். அவன் பெண்டாட்டியும். அவன் என் பிள்ளை, வராதேன்னு சொல்ல முடியாது. ஆனா சாட்சிக் கையெழுத்து அவனுக்கில்ல."

"யோசிச்சுச் சொல்றேன், அத்தை."

வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "யோசி, யோசி. கூலி கொடுத்தா படுத்திருக்கேன்?" என்றார். யாருக்கு யார் கூலி என்று இதை எழுதும்போதும் எனக்குப் புரியவில்லை.

ஏழாவது நிமிஷத்தில் ஈறு சிவந்தது.

செப்டம்பர் 12, செவ்வாய்

கேப்பின் கழுத்தைப் பிசின் ஏற்றிக் கொஞ்சம் பருமனாக்கினேன். இரண்டு பல்லுக்கு நடுவில் இருந்த கறுப்பு முக்கோணம் பாதி மூடிவிட்டது. ஈறு சொன்ன பேச்சுக் கேட்கிறது. நோயாளி கேட்பதில்லை: மாத்தேக்கு அனுமதி கிடைத்த நாளிலிருந்து விட்டதையெல்லாம் சேர்த்துக் குடிக்கிறாராம்.

அக்டோபர் 17, செவ்வாய்

கடைசிக் கேப் பொருத்தியாகிவிட்டது. ஈறின் கனம் இரண்டு மில்லிமீட்டர். மூன்று தடவை அளந்தேன். யோலாந்தா போட்டோ எடுத்தாள். உலோகத்தின் சாயல்கூடத் தெரியவில்லை. பக்கத்துப் பல்லின் ஈறும் இதுவும் ஒரே கோட்டில், ஒரே இளஞ்சிவப்பில். பெர்த்தோனிக்கு அனுப்பினேன். "எது இம்ப்ளாண்ட்?" என்று பதில் வந்தது. இம்ப்ளாண்ட் வைத்ததே அவர்தான்!

நெலிதா கண்ணாடியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என் பல் இல்ல."

"ஏன் அத்தை? என்னாச்சு?"

"என் பல்லு இவ்வளவு அழகா இருந்ததே இல்ல."

சிரித்தார். முழுசாக, ஈறு தெரிய. சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று அப்போதுதான் சொன்னேன்.

அவர் போன பிறகு யோலாந்தா, "ஒரு பல்லுக்கு அஞ்சு மாசம். முப்பத்திரண்டும் போயிருந்தா நீங்க மறுபடி அவங்க வீட்டுக்கே குடிபோயிருப்பீங்க" என்றாள்.

நவம்பர் 18, சனி

என்ன வெயில்! ரெஜிஸ்டர் ஆபீஸில் மின்விசிறி ஒன்றுதான். அதுவும் அதிகாரி பக்கம் பார்த்து.

வாசலில் தார்வினைப் பார்த்தேன். தலையில் முடி போய்விட்டது. ஒரு காலத்தில் இந்த முகத்துக்காகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன் என்பது யாரோ சொன்ன கதை மாதிரி இருந்தது. அவன் மனைவி நல்ல மாதிரி, விசிறியைக் கொடுத்தாள்.

"அம்மாவோட பல்லு பிரமாதமா இருக்கே" என்றான் தார்வின். "போன்ல கேட்டா சொல்லவே மாட்டேங்கறா. யாரு பண்ணது?"

"சால்ட்டோல ஒருத்தர்" என்றேன்.

பின்னால் நின்றிருந்த அல்சீதெஸுக்குப் புரையேறியது. முதுகில் தட்ட நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

கையெழுத்துப் போட்டேன். அதிகாரி, "நல்வாழ்த்துகள்" என்று முடிப்பதற்குள் நெலிதா மாப்பிள்ளையை இழுத்து முத்தம் கொடுத்தார். எனக்கு முதலில் நினைவு வந்தது கேப்தான். அசையவில்லை. பிறகு கிளப்பில் ஆட்டுக்கறி சுட்டது, பாட்டு, நடனம். தார்வின் மனைவியோடு ஒரு சுற்று ஆடினேன். தார்வின் பாட்டில் திறப்பானைத் தேடிக்கொண்டிருந்தபோது மணப்பெண் அவன் கையிலிருந்து பாட்டிலை வாங்கி வாயருகே கொண்டுபோனார். "அத்தை!" என்று நான் கத்தியதில் இசைக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

டிசம்பர் 3, ஞாயிறு

புதுமணத் தம்பதி வெந்நீர் ஊற்று விடுதியிலிருந்து திரும்பி நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். மீன் சமைத்திருந்தேன். சாப்பிடும்போது கிறிஸ்துமஸ் முந்தின நாள் விருந்து எங்கே என்ற பேச்சு வந்தது. என் வீட்டில், ஆடு சொல்லியாகிவிட்டது என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னாய் என்றார் நெலிதா. என் வீட்டுக்கு நான் யாரைக் கேட்க வேண்டும் என்றேன். போன வருஷம் வரை நான் கிறிஸ்துமஸ் அன்று டிவி பார்த்துக்கொண்டு படுத்திருந்ததை யோலாந்தா அவரிடம் சொல்லியிருக்கிறாள், அதையும் இழுத்தார். "ஆடு சுடத் தெரியுமா உனக்கு? ஈறு வெட்டறதுன்னு நினைச்சியா?" என்றார். மீனில் உப்பு போதவில்லை என்பதையும் அதே மூச்சில் சேர்த்துக்கொண்டார். நானும் விடவில்லை, அவருடைய அடுப்பு புகைவதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு கைப்பையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

நாலு மணிக்குப் போன் வந்தது. கைப்பைக்காக இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, பதில் சொல்லிக்கொண்டே பாத்திரமெல்லாம் கழுவி முடித்தேன். நடுவில் அல்சீதெஸின் குரல் மெதுவாகக் கேட்டது.

"டாக்டரம்மா, இன்னும் எவ்வளவு நேரமாகும்? எனக்குக் கிளப் வரைக்கும் போயிட்டு வர நேரமிருக்கா?"

"தாராளமா போயிட்டு வாங்க, மாமா" என்றேன்.